பூசணிக்காயிடம் தோற்ற கத்தி

அன்றைக்கு பிராப்பர்ட்டி ரூமில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளார்க் கண்ணன். டைப்பிஸ்ட் அம்மா. ஜட்ஜய்யாவின் டபேதார். கோர்ட்டு டூட்டி போலீஸ்காரர். கூட்டிப் பெருக்கும் அக்கா. எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரர், அவர் சுண்டலுக்காக வந்தவர். அப்புறம் நான். ஏழு பேர். கூட ஒரு வெள்ளைப் பூசணிக்காய்.

ஜெபமணி அம்மா இல்லை. அவர்தான் சிரஸ்தார், கோர்ட்டு ஆபீசுக்குத் தலைமை. ஜட்ஜய்யா கூப்பிட்டு உள்ளே போயிருந்தார். அவர் அறையில் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நான் கோர்ட்டில் ஆபீஸ் அசிஸ்டெண்ட். முப்பத்திரண்டு வருஷம். அதில் பாதிக்கு மேல் பிராப்பர்ட்டி ரூம். கேசில் பிடிபட்ட சாமான்களைப் பூட்டி வைக்கிற அறை அது. படிப்பு எட்டாவது. மதுரையைச் சுற்றி நாலைந்து கோர்ட்டில் இருந்திருக்கிறேன். எது எந்தக் கோர்ட்டில் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்குகிறவன்.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக பழைய ஆபீசுக்குப் போனேன். என் இடத்தில் இப்போது இரண்டு தம்பிகள். கத்தி கைப்பற்றுவதை போலீஸ் இனிமேல் வீடியோ எடுத்தே ஆக வேண்டுமாம். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் செல்போனை நீட்டினான். வெளிநாட்டுக்காரன் ஒருவன் தொங்கவிட்ட தண்ணீர் பாட்டிலைக் கத்தியால் வெட்டுகிறான். பாட்டில் அவனை ஒன்றும் செய்யவில்லை.

"அண்ணே, நீங்க எம்புட்டு கத்தி பாத்திருப்பீங்க. சண்டைக்குன்னா எதுண்ணே பெஸ்ட்டு?"

"யாரோட சண்ட?"

"சும்மா கேக்குறேன்ணே."

"சும்மா வச்சிருந்தவன் கத்திதான்டா உள்ள பாதி கெடக்கு."

டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதனால் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் கத்தியின் அலகைப் பற்றியே பேசுவார்கள். மனிதன் பிடிப்பது பிடியை. கை வியர்க்கும். கொஞ்ச நேரத்தில் வியர்வையைவிட மோசமானது சேரும். வழவழவென்று பாலிஷ் போட்ட பித்தளைப் பிடி அப்போது மீன் மாதிரி நழுவும். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்துகிற வேகத்தில் கை முன்னால் சறுக்கி அலகின் மேல் ஏறிவிடும். ஒரு கேசில் குத்துப்பட்டவருக்கு மூன்று தையல், குத்தியவருக்கு எட்டு. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்போம். இதில் எதிரி யார், சாட்சி யார் என்று ஜட்ஜய்யா ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

அலகின் பின்பக்கம் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு வால் என்று பெயர். காய்கறிக் கடைக்காரர் கத்தியில் வால் பிடியின் கடைசி வரை போகும். ஆணி அடித்து இறுக்கியிருக்கும். சண்டைக்கென்று ஆசையாக வாங்கும் கத்தியில் வால் கொஞ்சம், மிச்சம் பசை. அலகு வளையக் கூடாது. தட்டையான தகரம் பளபளக்கும், எலும்பைக் கண்டால் வணக்கம் சொல்லும். கூர் இருக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அறைக்கு வந்த கத்தியில் பாதி ஒருமுறைகூடத் தீட்டப்படாதவை.

"நீளம் வேணாமாண்ணே?" என்றான் தம்பி.

நீளமான கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பைக் ஏறிய ஒருவரைத் தெரியும். கொட்டாம்பட்டி ரோட்டில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தக் கேசில் எதிரியும் அவர்தான், காயம்பட்டவரும் அவர்தான்.

நான் சொன்ன லட்சணம் எல்லாம் உள்ள கத்தி எல்லா வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. வெங்காயம் நறுக்குகிறது. எந்த லட்சணமும் இல்லாததற்குத்தான் உறை, குஞ்சம், சிங்க முகம்.

நான் வேலைக்கு வந்தது பெரிய கதை இல்லை. அப்பா கோர்ட்டில் இருந்தார், இறந்தார், வாரிசு வேலை. சில வருஷம் கேஸ் கட்டுத் தூக்கினேன். அப்புறம் யாரும் போகாத அறைக்கு அனுப்பினார்கள். ஒரு ஜன்னல் உண்டு. திறக்காது.

அங்கே வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் ஜெபமணி அம்மா. அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாமான் வந்ததும் பதிவேட்டில் ஒரு எண். அதே எண் அட்டையில். அட்டையைச் சணலால் பிடியில் கட்ட வேண்டும். அலகில் கட்டினால் சணல் அறுந்து, அட்டை பக்கத்துக் கத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விடும். போலீஸ் கைப்பற்றும்போது எழுதும் தாள் மகஜர். அதில் உள்ள அளவு சரிதானா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். கறையைத் துடைக்கக் கூடாது. இதையும் சொல்லித்தர வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் சுத்தக்காரர்.

அம்மாவிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில். "எழுதிக் குடுங்க." லீவு வேண்டுமா, எழுதிக் குடுங்க. ஃபேன் ஓடவில்லையா, எழுதிக் குடுங்க. ஒருநாள் அறைக்குள் பாம்பு வந்தது. எழுதிக் கொடுத்தோம். அதற்குள் பாம்பு போய்விட்டது. மனு ஃபைலில் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மற்ற ஆபீசில் கம்ப்யூட்டருக்கும் ஸ்டேப்ளருக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் அறையில் நிஜ ஆயுதமே இருந்தது. அடுத்தவருடையது, அவ்வளவுதான். ஒரு வருஷம், அறையில் இருந்த கத்தி, அரிவாள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். அடுத்த மாதம் ஒரு வக்கீல் கோர்ட்டில் அரிவாளைத் தூக்கிப் பிடித்து, இந்தச் சிவப்புக் கறையைப் பற்றி ரசாயனப் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையே என்று இருபது நிமிஷம் பேசினார். சந்தனத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஒரு தாள் எழுதி கதவில் ஒட்டினார். கேஸ் முடிந்து, அப்பீல் காலமும் முடிந்து, அழிக்க வேண்டிய சாமானுக்கு மட்டும் பூஜை. நடப்புக் கேசு சாமானைத் தொடக் கூடாது.

இனி செல்வம் கேஸ்.

செல்வம் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள். சிம்மக்கல்லில் ஒரு வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிற வேலை. மண்டி வாசலில் வண்டி நிறுத்துவதில் தகராறு. ஆறேழு பேர் கட்டிப் புரண்டதில் ஒருவருக்கு இடது பக்கம் குத்து விழுந்தது. விலா எலும்பு வெட்டுப்பட்டு நுரையீரல் வரை போயிருந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். குத்தியது யார் என்று அவர் பார்க்கவில்லை. காலையில் அவரோடு வாய்த்தகராறு செய்தவன் செல்வம். அதனால் செல்வம்தான் என்று ஆயிற்று. கொலை முயற்சி. நிரூபணம் ஆனால் பத்து வருஷம்.

கத்தியை, செல்வம் சொன்னதன் பேரில், கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் ஒரு முள்ளுச்செடிக்குக் கீழே எடுத்ததாக மகஜர். சிம்மக்கல்லில் குத்தியவன் கத்தியை ஒளிக்க பஸ் மாறி அவ்வளவு தூரம் போயிருக்கிறான். பக்கத்திலேயே வைகை இருக்கிறது. அதில் போட அவனுக்குத் தோன்றவில்லை.

ஜாமீன் கிடைத்தது. சொத்து வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர் கேட்டார்கள். வரி கட்டுகிற அளவுக்குச் சொத்து உள்ள யாரையும் அவனுக்குத் தெரியாது. அதனால் ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருந்தான்.

மகஜர் சாட்சியை விசாரித்த அன்று சீல் உடைத்து, கத்திக்கு எம்.ஓ. ஒன்று, அதாவது முதல் சான்றுப் பொருள், என்று எண் போட்டு மேஜையில் வைத்தார்கள். திருவிழாக் கடையில் வரிசையாகத் தொங்குமே, அந்த ரகம். பித்தளைப் பிடி. நுனியில் சிங்க முகம். விசாரணை முடிந்து நான் அதை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்தேன். செல்வம் எஸ்கார்ட் போலீசோடு நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, அது யாரோட கத்திண்ணே?"

"உன்னோடதுன்னு எழுதியிருக்கு."

"அம்புட்டு பளபளப்பா இருக்கு. சிங்க மூஞ்சி வேற."

"நீதான எடுத்துக் குடுத்த?"

"அவுகதான் எடுத்தாக. என்னையப் பக்கத்துல நிக்கச் சொன்னாக, நின்னேன். எனக்கும் கத்தி இருக்குண்ணே, இல்லேங்கல. தார் வெட்டுறது. மண்டியில ஆணியில தொங்குது. அத யாரும் கேக்கவே இல்லையே?"

"பேசாம நில்றா" என்றார் எஸ்கார்ட்.

நான் நம்பவில்லை. எல்லா எதிரிகளும் இப்படித்தான் சொல்வார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் நாங்கள் பூஜை போட்டோம். பூஜை அன்றைக்கு லீவு. சாமி கும்பிட யார் வருவார்கள். பூசணிக்காயின் மேல் ஒரு துளை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, வாசலில் உடைக்க வேண்டும். துளை போடக் கத்தி இல்லை. அறையில் இருநூறுக்கு மேல் இருந்தது. அழிக்க வேண்டியவை எல்லாம் துரு.

"அண்ணே, துருப்புடிச்சத வச்சு சாமி காரியம் பண்ணுவாகளா? அந்தச் சிங்கத்த எடுங்க" என்றார் கிளார்க் கண்ணன்.

"அது நடப்புக் கேசு. அம்மா ஒட்டியிருக்காகள்ல."

"துளையப் போட்டுட்டுத் தொடச்சு வைக்கப் போறோம். கத்தி போயி சொல்லிக் குடுக்கவா போகுது?"

கண்ணன் மேல் பழி போடவில்லை. எடுத்தது என் கை.

முதல் குத்தில் கத்தி தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது குத்தை அழுத்திக் குத்தினேன். அரை அங்குலம் இறங்கியது. அப்புறம் அலகு வளைந்தது. டக்கென்று ஒரு சத்தம். சிங்கம் என் கையில் இருந்தது. அலகு பூசணிக்காயில் இருந்தது.

ஏழு பேரும் பூசணிக்காயைப் பார்த்தோம். கடைசியில் கோர்ட்டு டூட்டி போலீஸ்காரர்தான் வாயைத் திறந்தார்.

"யோவ், இதுவாய்யா வெலா எலும்ப வெட்டுச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் போலீஸ் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார். போன் அடிக்கவில்லை.

ஜெராக்ஸ்காரர் ஓடிப்போய் கடையிலிருந்து பசை கொண்டுவந்தார். அலகை பீரோ காலுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். ஒட்டும்போது வாலைப் பார்த்தேன். ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினேன். கடையில் தொங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தீட்டவே இல்லை. ஒட்டி, துடைத்து, அட்டையைக் கட்டி, இருந்த இடத்தில் வைத்தேன். டபேதார் பூசணிக்காயைத் துளை இல்லாமலே உடைத்தார். திருஷ்டி கழிந்தது. சுண்டல் நன்றாக இருந்தது.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கத்தி யாரையும் குத்தியதில்லை.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை செல்வத்தை வாய்தாவுக்குக் கொண்டுவருவார்கள். முதல் தடவை நான் ரிக்கார்டு ரூமில் வேலை தேடிக்கொண்டேன். அடுத்த தடவை தீபாவளி முடிந்திருந்தது. அவனுடைய அக்கா முறுக்கு கொண்டுவந்திருந்தார். எஸ்கார்ட் தின்றதுபோக மிச்சம் இருந்தது.

"எடுத்துக்கங்கண்ணே. தீவாளிப் பலகாரம்."

எடுத்துக்கொண்டேன். தின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. என் பெரிய மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. சஸ்பெண்ட் ஆனவன் வீட்டில் பெண் எடுப்பார்களா என்று யோசித்தேன். இது காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

அப்புறம் டாக்டரம்மா சாட்சி சொல்ல வந்தார். அவசரத்தில் இருந்தார். காயத்தை வாசித்தார். இடது பக்கம், பத்து சென்டிமீட்டர் ஆழம், ஆறாவது விலா எலும்பில் வெட்டு. அரசு வக்கீல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கத்தியைப் பிளாஸ்டிக் கவரோடு இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொண்டுபோனேன், பிரசாதம் மாதிரி. பார்த்தவர்கள் மரியாதை என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பசை மேல் பயம்.

டாக்டரம்மா கவரைப் பார்த்தார். "இந்தக் கத்தியால் அந்தக் காயம் ஏற்பட்டிருக்கலாம்" என்றார்.

இந்த வரியை நான் கணக்கில்லாமல் கேட்டிருக்கிறேன். கவருக்குள் கரண்டி இருந்தாலும் அதே வரிதான் வரும். செல்வத்துக்கு இலவசச் சட்ட உதவியில் வந்த சின்ன வக்கீலம்மா இரண்டு கேள்வி கேட்டு உட்கார்ந்துவிட்டார். கத்தி திரும்பி என் கைக்கு வந்தது. பசை பிடித்திருந்தது. இனிமேல் அதை யாரும் தொடப் போவதில்லை. எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அடுத்து தீர்ப்புதான்.

செல்வம் கூண்டில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். தெரிந்த முகம் என்று சிரித்தான்.

மத்தியானம் ஜெபமணி அம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அம்மா, செல்வம் கேசு கத்தி ஒடஞ்சதும்மா. ஒட்டி வச்சிருக்கேன்."

"எப்ப ஒடஞ்சது?"

"ஆயுத பூஜைக்கு மொத நாளு. நான்தான். பூசணிக்காயில குத்துனேன். உள்ள போகல. அது வச்சு எலும்ப வெட்ட முடியாதும்மா."

டிபன் பாக்ஸை மூடினார். கை கழுவிவிட்டு வந்தார்.

"எழுதிக் குடுங்க."

"எழுதுனா வேல போயிரும்மா."

"போகலாம், போகாமலும் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது."

"எழுதலன்னா?"

"நான் எழுதணும். நான் எழுதுனா உங்க தப்பு இன்னும் தெளிவாத் தெரியும்."

ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். அரைப்பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கூட இருந்தவர்கள் பேரையும் எழுதவா என்று கேட்டேன். "இருந்தாங்கன்னா எழுதுங்க" என்றார். எழுதினேன்.

அவரே என்னை ஜட்ஜய்யாவிடம் கூட்டிக்கொண்டு போனார். ஐயா இரண்டு தடவை வாசித்தார்.

"பூசணிக்காயா?"

"ஆமாங்கய்யா."

"எவ்வளவு பெரிசு?"

கையால் காட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவை மறுபடி வரவழைத்தார்கள். கத்தி இந்தத் தடவை கவருக்கு வெளியே, பசையைப் பிரித்து இரண்டு துண்டாக மேஜையில் இருந்தது. அரசு வக்கீல் எழுந்தார். கோர்ட்டு ஊழியரே உடைத்துவிட்ட கத்தியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றார். நியாயமான பேச்சுதான்.

"பிடி கழன்றது இவரால. சரி" என்றார் ஜட்ஜய்யா. "விளிம்பு தீட்டாம இருக்கே, அதுவும் இவராலயா?"

அரசு வக்கீல் உட்கார்ந்தார். டாக்டரம்மா இந்த முறை கண்ணாடி போட்டுப் பார்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார். அலகை இரண்டு விரலால் வளைத்தார். வளைந்தது. ஸ்கேல் கேட்டு வாங்கி, வாலை அளந்தார்.

"இதால எலும்பை வெட்ட முடியாது."

"போன தடவை ஏற்பட்டிருக்கலாம்னு சொன்னீங்களே?"

கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவை நான் கத்தியைப் பார்க்கலைங்கய்யா" என்றார். கோர்ட்டில் அப்படி உண்மை பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

செல்வம் விடுதலை. நிஜமாகக் குத்தியவர் யார் என்று யாரும் அப்புறம் தேடவில்லை. நிஜக் கத்தி எங்கேயாவது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்.

என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை வைத்தார்கள். கூட இருந்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். கண்ணன் அன்றைக்கு அரை நாள் லீவு. டைப்பிஸ்ட் அம்மா டீ குடிக்கப் போயிருந்தார். டபேதார் ஜட்ஜய்யா கூடவே இருந்தார். போலீஸ்காரருக்குப் போன் வந்தது. ஜெராக்ஸ்காரர் அரசு ஊழியர் இல்லை என்பதால் அவரிடம் கேட்கவில்லை. கூட்டிப் பெருக்கும் அக்கா மட்டும், "இருந்தேன், பூசணிக்காய் வாங்கிட்டு வந்ததே நான்தான்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். கடைசியில் வேலை போகவில்லை. மகள் கல்யாணமும் நின்றுவிடவில்லை. சம்பந்தி வீட்டுக்காரர்களுக்குப் பூசணிக்காய் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

செல்வம் வெளியே வந்த மறுநாள் நான் விளக்கம் எழுதிக் கொடுக்கக் கோர்ட்டுக்கு வந்திருந்தேன். வாசல் டீக்கடையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

"அண்ணே, உங்களாலதாண்ணே வெளிய வந்தேன். எங்க அக்கா ஒங்க பேரச் சொல்லி வெளக்குப் போட்டிருக்கு."

"சரி. டீ சாப்புடு."

"பூசணிக்காயில ஒடஞ்சு போச்சாம்ல? வக்கீலம்மா சொன்னாக. உள்ள இருக்குறவய்ங்ககிட்டச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாய்ங்க." அவனும் சிரித்தான். "எப்பண்ணே ஒடஞ்சது?"

வக்கீலம்மா தேதியைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அது எனக்குப் பழக்கம் ஆகியிருந்தது.

"ஆயுத பூஜைக்கு மொத நாளு."

"நீங்க எழுதிக் குடுத்தது?"

"டாக்டரம்மா மொத தடவ வந்த அன்னைக்கு."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுவில் வைத்து எண்ண ஆரம்பித்தான். மண்டியில் தார் எண்ணுகிறவன். தப்பாது. பாதியில் விரல் ஒரு இடத்தில் நின்றது. தீபாவளியாக இருக்கும். மறுபடி எண்ணினான். முடித்ததும் பழத்தைப் பெஞ்சில் என் பக்கத்தில் வைத்தான். வாரேன் என்று சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னான்.

"நாப்பத்தியோரு நாளு."